வெப்பமானி அசையாத நேரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"பொருள்களின் நிலைமாற்றம்" என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்ததைப் பார்த்த நண்பர் ஒருவர், "இது எட்டாம் வகுப்புப் பாடமாயிற்றே, இதற்கு ஒரு மணி நேரப் பேச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பனிக்கட்டி உருகினால் தண்ணீர், தண்ணீர் கொதித்தால் நீராவி. மூன்று கட்டங்கள், நடுவில் போகவும் வரவும் அம்புக்குறிகள். பள்ளிக்கூடத்தில் படித்த வேறு எது மறந்தாலும் இந்தப் படம் மறப்பதில்லை. ஆனால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக என்ன செலவாகும் என்பது அந்தப் படத்தில் இருப்பதில்லை. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் அந்தச் செலவுக் கணக்கை மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். கணக்கு என்றதும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நம்மூர்க் கடற்கரைச் சாலையிலிருந்தே தொடங்குவோம். மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் அந்த வட்ட முகப்புக் கட்டடத்தை இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோம். 1897இல் விவேகானந்தர் தங்கிய இடம். அதற்கு முன்பு அது பனிக்கட்டிக் கிடங்கு. அந்த வட்டாரத்தின் மேல் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் 1842இல் அதைக் கட்டினார். மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, வெயில் காயும் ஊர்களில் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். அமெரிக்க எழுத்தாளர் தொரோ தம் 'வால்டன்' நூலில், தாம் குடியிருந்த குளத்தின் பனிக்கட்டி சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போவதைப் பற்றிப் பெருமையும் கிண்டலுமாக எழுதியிருக்கிறார்.

இந்தியாவுக்கு வந்த முதல் சரக்கின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. நான்கு மாதம் கடலில் கிடந்து, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, செப்டம்பரில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சமிருந்தது. கேட்பவர் எல்லோரும் மரத்தூளின் மகிமை என்பார்கள். மரத்தூளுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. பாளங்களை இடைவெளியில்லாமல் அடுக்கியதற்கும் பங்கு உண்டு. குதிரை இழுக்கும் அறுவைக் கருவியை நதானியல் வையத் என்பவர் 1825இல் உருவாக்கிய பிறகு எல்லாப் பாளமும் ஒரே அளவில் கிடைத்தது. செங்கல் அடுக்குவதுபோல நெருக்கி அடுக்க முடிந்தது. ஆனால் உண்மையான காவலன் பனிக்கட்டிக்கு உள்ளேயே இருந்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வழியில் உருகியது 80 டன், அதாவது 80,000 கிலோ. பூச்சியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டி, அதே பூச்சியம் டிகிரித் தண்ணீராக மாற 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பெருக்கினால் சுமார் 2.67 கோடி கிலோஜூல். நான்கு மாதம் என்பது ஏறத்தாழ 1.04 கோடி விநாடி. வகுத்தால் விநாடிக்கு 2.6 கிலோஜூல் வருகிறது, அதையே 2.6 கிலோவாட் என்றும் சொல்லலாம். நம் வீட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கும் கீசர் எடுக்கும் திறன் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கப்பலின் அடித்தளம் முழுக்க நிரம்பிய சரக்குக்குள் ஒரே ஒரு கீசரை நான்கு மாதம் இரவும் பகலும் ஓடவிட்ட மாதிரி. அவ்வளவு வெப்பம் உள்ளே புகுந்தும் சரக்கில் பாதிக்கு மேல் கட்டியாகவே நின்றது.

இந்த 334 என்ற எண் இல்லாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பூச்சியம் டிகிரியைத் தொட்டதுமே பனிக்கட்டி தண்ணீராகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். டியூடரின் கப்பல் கரை மறைந்த சில நாட்களிலேயே ஒரு மிதக்கும் தொட்டியாகியிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வசந்தத்தின் முதல் வெயில் பட்டதும் மலைமேல் இருக்கும் பனி மொத்தமும் ஒரே மூச்சில் உருகி, அடிவாரத்து ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்கும். இப்படி யோசித்துப் பார்த்தவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர். பனி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உருகுவதை அவருக்கு முன்னால் வந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்று தோன்றியது அவருக்குத்தான்.

1761-62 குளிர்காலத்தில் கிளாஸ்கோ கல்லூரியில் அவர் செய்த சோதனையை நான் இயற்பியல் வரலாற்றின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். அழகுக்குக் காரணம், அதில் கருவி என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உருகத் தொடங்கும் நிலையில் பனிக்கட்டி. மற்றதில் அதே எடைக்கு, பனிக்கட்டியைவிட ஒரே ஒரு பாரன்ஹீட் டிகிரி கூடுதலான, 33 டிகிரியில் தண்ணீர். இரண்டையும் 47 டிகிரி இருந்த பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் 33இலிருந்து 40க்கு ஏற அரைமணி நேரம் ஆயிற்று. பனிக்கட்டி உருகி, அதுவும் 40க்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பத்தரை மணி நேரம்.

கூடம் ஒன்று, குடுவை ஒன்று, காற்று ஒன்று. ஆகவே இரண்டுக்குள்ளும் வெப்பம் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் புகுந்திருக்கும் என்று பிளாக் எடுத்துக்கொண்டார். பத்தரை மணி என்பது 21 அரைமணி. அரைமணிக்கு 7 டிகிரிக்கான வெப்பம் என்றால் மொத்தம் 147 டிகிரிக்கான வெப்பம் பனிக்கட்டிக் குடுவைக்குள் போயிருக்கிறது. அதில் 32இலிருந்து 40 வரை ஏற்றியது 8 டிகிரி. மீதி 139 எங்கே போயிற்று? வெப்பமானியில் காணோம். பனிக்கட்டியைத் தண்ணீராக்குவதில் அது உள்ளே போய் ஒளிந்துகொண்டது. பிளாக் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் வைத்தார். இன்றைய துல்லியமான அளவு 144 டிகிரி பாரன்ஹீட். இரண்டு குடுவையும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு 4 சதவீதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். நம் பழகிய கணக்கில் சொன்னால், ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி. அந்த உருகிய தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கவும் அதே 80 கலோரிதான்.

பிளாக் இதை நூலாக எழுதி வெளியிடவே இல்லை. வகுப்பில் சொன்னார், அதோடு சரி. 1799இல் அவர் இறந்தபின், 1803இல்தான் அவருடைய மாணவர் ஜான் ராபிசன் விரிவுரைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து ஆசிரியரை எடைபோடும் இந்தக் காலத்தில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அதே கல்லூரியில் கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஜேம்ஸ் வாட். நியூகோமன் நீராவி எந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலை 1763-64 குளிர்காலத்தில் அவரிடம் வந்தது. எந்திரம் ஏன் இவ்வளவு நீராவியை விழுங்குகிறது என்று புரியாமல் அவர் தனியாக ஒரு சோதனை செய்தார். கொதிக்கும் கெண்டியின் ஆவியைக் குளிர்ந்த கிணற்று நீருக்குள் செலுத்தினார். தண்ணீரளவில் ஒரு பங்கு ஆவி, ஆறு பங்கு குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோயிற்று. ஆவியின் சூடும் கொதிநீரின் சூடும் வெப்பமானியில் ஒன்றுதான்; பிறகு எப்படி ஒரு பங்கு ஆறு பங்கைக் கொதிக்க வைக்கும்? பிளாக்கிடம் போய்க் கேட்டார். பிளாக் தம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்ததையே அவருக்கும் விளக்கினார். கிணற்று நீர் 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால், 6 கிராம் நீரை 90 டிகிரி உயர்த்த 540 கலோரி ஆகிறது. ஒரு கிராம் நீராவி தண்ணீராகும்போது வெளிவிடும் வெப்பம் இன்றைய அளவீட்டின்படி 540 கலோரி. ஒவ்வொரு அடிக்கும் உருளையைக் குளிரவைத்துத் திரும்பவும் சூடாக்குவதில்தான் ஆவி வீணாகிறது என்று வாட்டுக்குப் புரிந்தது. ஆவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கும் யோசனை 1765இல் வந்தது, 1769இல் காப்புரிமை. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

80க்கும் 540க்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்திலிருக்கும் நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. உருகும்போது அந்தப் பிணைப்புகளில் ஒரு சிறு பகுதிதான் அறுபடுகிறது. மீதி தளர்ந்து, இடம் மாறி மாறிப் பிடித்துக்கொள்கிறது. ஆவியாகும்போதோ ஒன்றுவிடாமல் அத்தனையும் அறுபட வேண்டும். கொடுக்கிற வெப்பம் எல்லாம் இந்த அறுக்கும் வேலைக்கே போய்விடுவதால் மூலக்கூறுகளின் வேகம் கூடுவதில்லை. வேகம் கூடாவிட்டால் வெப்பமானியும் ஏறாது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் கொதிக்கும் தண்ணீர் 100ஐத் தாண்டாததற்கு இதுதான் காரணம். சோறு கொதி வந்தபின் அடுப்பைக் குறைத்துவைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். கொதி என்பது கொதிதான். பெரிய தீ வைத்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, அரிசி சீக்கிரம் வேகாது.

கொடுத்த வெப்பம் காணாமல் போய்விடுவதுமில்லை. திரும்பி வரும்போது ஒரு கலோரி குறையாமல் கிடைக்கும். இட்லி வேகும் விதம் இதுவே. கொப்பரைக்குள் எழும் ஆவி, குளிர்ந்த மாவின் மேல் பட்டுத் தண்ணீராகும் இடத்திலேயே தன் 540 கலோரியை இறக்கிவைக்கிறது. எந்தத் தட்டில் சூடு குறைவோ அங்கேதான் ஆவி அதிகம் படியும். அதனால் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பேதம் இல்லாமல் எல்லா இட்லியும் வேகிறது. இதே கணக்கு கையைச் சுடும்போது கொடூரமாகிவிடும். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டால், உடல் சூட்டுக்கு இறங்குவதற்குள் 63 கலோரி கொடுக்கும். ஒரு கிராம் நீராவி 603 கலோரி கொடுக்கும். மூடியைத் திறக்கும்போது வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து ஒதுங்குகிறோம். ஆனால் அந்த வெள்ளை ஏற்கெனவே குளிர்ந்து நுண்துளியானது. குக்கர் விசில் அடிக்கும்போது உற்றுப் பாருங்கள். வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல ஓர் இடைவெளி தெரியும். நிஜமான நீராவி அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், ஆவியாக வேண்டுமென்றால் கொதிக்க வேண்டும் என்று தோன்றும். தூத்துக்குடி உப்பளங்களில் எதுவும் கொதிப்பதில்லை. பாத்தியில் நிற்கும் உப்புநீர் வெயிலிலும் காற்றிலும் நாளுக்கு நாள் சுண்டுகிறது. அடர்த்தியை டிகிரியில் அளப்பார்கள். போமே அளவு என்பது அதன் முழுப்பெயர். கடல்நீர் மூன்று மூன்றரை டிகிரியில் தொடங்குகிறது. அடர்த்தி ஏற ஏற முதலில் ஜிப்சம் படியும். அதற்கென்று தனிப் பாத்தி. 25 டிகிரியை நெருங்கும்போது, அதாவது தண்ணீர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பின், உப்பு விழத் தொடங்கும். 30 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும்; அதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். 

இங்கேயும் செலவைப் பார்ப்போம். கடல்நீரிலிருந்து ஒரு கிலோ உப்பு எடுக்கக் குறைந்தது 35 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஆவியாக 2,430 கிலோஜூல் தேவை. கொதிக்கும்போது ஆகும் செலவைவிட இது சற்றுக் கூடுதல்தான். ஆகமொத்தம் ஒரு கிலோ உப்புக்கு 85,000 கிலோஜூல். வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ, முழுதாக எரித்து, ஒரு துளி வெப்பம்கூட வீணாகாமல் பயன்படுத்தினாலும் ஏழரைக் கிலோ உப்புக்கு மேல் தேறாது. கடையில் மலிந்த சரக்கு என்று நாம் நினைக்கும் உப்பு, எரிபொருள் கணக்கில் பார்த்தால் மிக விலையுயர்ந்த பண்டம். வெயில் பணம் கேட்காததால் நமக்கு அது தெரிவதில்லை. அந்த வெயிலில் நிற்கும் மனிதர்களின் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

சிலிண்டர் என்றதும் இன்னொன்று. அதற்குள் இருப்பது நீர்மம். நாம் எரிப்பது வாயு. நெருப்பே இல்லாமல் அது உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆவியாவதற்கான வெப்பத்தை அது யாரிடம் வாங்குகிறது? தன்னிடமும், சிலிண்டரின் இரும்பிடமும், சுற்றியுள்ள காற்றிடமும். கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய அடுப்பு மணிக்கணக்கில் எரியும்போது சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருக்கும். வெளிப்பக்கம் வியர்க்கும். அந்த வியர்வை ஒரு குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும். உள்ளே நீர்மம் எதுவரை இருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். குளிர்ந்ததால் அழுத்தம் குறைந்து தீ சோர்ந்துபோகும்போது சிலர் சிலிண்டரைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். அறிவியல் சரிதான், ஆனால் செய்யவே கூடாத காரியம்.

பெரிய மருத்துவமனை வளாகங்களில் இதன் பெரிய வடிவத்தைக் காணலாம். வெள்ளை நிற உயரமான தொட்டியில் திரவ ஆக்சிஜன், −183 டிகிரியில். பக்கத்தில் அலுமினியத் தகடுகள் சிறகு சிறகாகப் பொருத்திய குழாய்க் கூட்டம். எந்த ஹீட்டரும் கிடையாது. சென்னைக் காற்றின் சூடே ஆக்சிஜனை வாயுவாக்குகிறது. ஒரு லிட்டர் நீர்மம் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரிகிறது. மே மாத உச்சி வெயிலில் அந்தச் சிறகுகளின் மேல் உறைபனி விரற்கடை தடிமனுக்குப் படிந்திருக்கும். கீழே வெள்ளையாக வழிவதை ஆக்சிஜன் கசிவு என்று பயப்படுபவர்கள் உண்டு. அது நம் காற்றிலிருந்த ஈரம். 2021இல் கொரோனா அலையின்போது ஆக்சிஜன் டேங்கர்களுக்காக நாடே காத்திருந்தபோது எல்லோரும் ஆக்சிஜனைப் பற்றிப் பேசினோம். ஆக்சிஜனை நீர்மமாக்கி வைக்க முடியாதிருந்தால் அதே அளவுக்கு எத்தனை நூறு லாரி சிலிண்டர் வேண்டியிருந்திருக்கும் என்று யாரும் பேசவில்லை.

பதங்கமாதலைப் பற்றி இரண்டு வார்த்தை. கற்பூரமும் அயோடினும் உருகாமல் நேரே ஆவியாகும் என்று படித்திருப்போம். இரண்டுமே உருகும். அயோடின் 114 டிகிரியில், கற்பூரம் 175 டிகிரியை ஒட்டி. அதற்கு முன்பே திண்மத்திலிருந்து கணிசமாக ஆவி கிளம்பிவிடுவதால் நம் கண் ஏமாறுகிறது. சாதாரண அழுத்தத்தில் உண்மையிலேயே உருக மறுப்பது உலர்பனி, அதாவது திண்ம கார்பன் டையாக்சைடு. அதை நீர்மமாகப் பார்க்க வேண்டுமானால் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வளிமண்டல அழுத்தம் வேண்டும்.

இங்கேதான் நம் மூன்று கட்டப் படத்தின் இன்னொரு குறை தெரிகிறது. வெப்பநிலை மட்டும் போதாது, அழுத்தத்தையும் சொல்ல வேண்டும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை எட்டுவதற்குள் கொதித்துவிடும். குக்கருக்குள் 120 வரை போகும். இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாதது, நீர்மத்துக்கும் வாயுவுக்கும் நடுவில் இருக்கும் கோடே ஓரிடத்தில் முடிந்துபோகிறது என்பது. பெல்பாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டையாக்சைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அழுத்தி, சூடாக்கிப் பார்த்தார். 31 டிகிரியை நெருங்க நெருங்க நீர்மத்தின் மேற்பரப்பு மங்கி, வளைவு தட்டையாகி, கடைசியில் காணாமல் போயிற்று. மேலே வாயு, கீழே நீர்மம் என்று பிரிக்க ஒன்றுமில்லை. 1869இல் அவர் இதை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அந்தப் புள்ளியில் ஆவியாக்கும் செலவும் பூச்சியமாகிவிடுகிறது. கோடே இல்லாதபோது கடப்பதற்கு எதற்குக் கூலி?

இது ஆய்வகத்து விநோதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த மாதிரி அரங்குகளின் சுவரில் கறுப்புக் கொம்பு வைத்த சிவப்புத் தீயணைப்பான் மாட்டியிருக்கும். அதில் இருப்பது கார்பன் டையாக்சைடு. லண்டனில் அது வருடத்தில் பெரும்பாலான நாள் நீர்மம். சென்னையில் ஏப்ரல், மே மாதத்துப் பிற்பகலில் 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதற்குள் இருப்பதை நீர்மம் என்றும் சொல்ல முடியாது, வாயு என்றும் சொல்ல முடியாது. நம் தலைக்கு மேலே, மூன்று கட்டத்தில் எதிலும் அடங்காத ஒரு பொருள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று மாணவர்கள் தங்கள் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளலாம்.

வானத்துக்கு வருவோம். உப்பளத்துப் பாத்தியில் நடந்ததே வங்கக் கடல் முழுக்க நடக்கிறது. ஆவியான ஒவ்வொரு லிட்டரும் தன்னோடு 2,400 கிலோஜூலைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. மேகத்தில் துளியாகும்போது அதை இறக்கிவைக்கிறது. சூடான காற்று இன்னும் மேலே எழும். அந்த இடத்தை நிரப்ப, ஈரக்காற்று கீழே நாலாபக்கமிருந்தும் ஓடிவரும். புயலுக்கு அடுப்பு இதுதான். கடல்மேற்பரப்பு 26.5 டிகிரிக்குக் குறைந்தால் புயல் பொதுவாக உருவாவதில்லை என்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. வெள்ளத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, வெப்பத்தைப் பேசுவோம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 49 சென்டிமீட்டர் என்றால் 4.9 லட்சம் டன் தண்ணீர். அவ்வளவும் மேகத்தில் துளியானபோது வெளியிட்ட வெப்பம் சுமார் 33 கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும் ஒரு நாளில் செலவிடும் மின்சாரமும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது. ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு இது. அன்றைக்கு மழை பெய்த பரப்பை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உப்பளத்து வெயிலில் நிற்கும் மனிதர்களைப் பற்றித் தள்ளிவைத்த கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். கடும் உடலுழைப்பில் இது 400, 500 வாட் ஆகும். வெளிக்காற்று உடல் சூட்டைவிட அதிகமாகிவிட்டால், வெப்பத்தை வெளியே தள்ள நமக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை 2,400 கிலோஜூலைக் கொண்டுபோகும். உப்பளத்தில் உப்பு வாரும் தொழிலாளிக்கு மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டியிருக்கும். சொட்டி விழும் வியர்வைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை; ஆவியானால்தான் உண்டு. ஆவியாக வேண்டுமானால் காற்றில் இடம் வேண்டும்.

அதனால் வெயிலை வெறும் டிகிரியில் சொல்வது பாதித் தகவல். வேலூரில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 38 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். செய்தித்தாளில் தலைப்பு வேலூருக்குத்தான் கிடைக்கும். ஆனால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி வேலூரில் 24 டிகிரியில் நிற்கும், சென்னையில் 29இல் நிற்கும். வியர்வையால் நம்மைக் குளிர்விக்க முடிகிற எல்லை அது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டுச் சில மணி நேரம் நீடித்தால் ஆரோக்கியமான ஆள்கூடப் பிழைப்பது கடினம் என்று ஸ்டீவன் ஷெர்வுட், மாத்யூ ஹியூபர் ஆகியோர் 2010இல் கணித்தார்கள். பின்னர் அமெரிக்காவில் இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஈரமான காற்றில் 31 டிகிரியிலேயே உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்தத் திணறியது. 29க்கும் 31க்கும் இடைவெளி அதிகமில்லை. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் நிர்ணயிக்க எந்த எண்ணைப் பார்ப்பது என்று கேட்டால், நான் ஈரக்குமிழைத்தான் சொல்வேன்.

வானிலை நிலையங்களின் வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. நமக்குச் சொல்வது ஒன்றை மட்டும். பள்ளிகளில் இதைச் செய்வதற்குப் பெரிய செலவில்லை: ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள், ஒரு மல் துணித்துண்டு, ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீர். துணியை ஒன்றின் குமிழில் சுற்றி, நுனியைக் கிண்ணத்தில் விட்டு, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரண்டு எண்ணையும் எழுதிவையுங்கள். தூத்துக்குடியிலிருந்தும் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒரு மே மாதத்துப் பதிவுகள் வந்தால், அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை ஒரு மாணவரே நிகழ்த்தலாம்.